நூற்றுக்கு ஆறு கிலோ கழிவு

போன செவ்வாய்க்கிழமை காலை ஓர் ஆஸ்பத்திரியில் எடை மெஷின் மேல் ஏறி நின்றேன்.

ஏறுவதற்கு முன் செருப்பைக் கழற்றினேன். வாட்ச். பர்ஸ். செல்போன். சாவிக்கொத்து. பெல்ட்டில் கை வைத்தபோது நர்ஸ் தடுத்தார். “சார், போதும். எடைதான் பாக்கறோம்.”

கழுத்தில் கிடந்த சிலுவைச் செயினை மட்டும் கழற்றவில்லை. அது எத்தனை கிராம் இருந்தாலும் அந்த நேரத்தில் தேவைப்பட்டது.

நான் நம்பி வந்த எண் எண்பத்து நான்கு. மெஷினில் சிவப்பு எழுத்துகள் ஓடின, கொஞ்சம் தயங்கின, நின்றன. எண்பத்தொன்பது கிலோ நானூறு.

இறங்கினேன். வயிற்றை எக்கிக்கொண்டு மறுபடி ஏறினேன். எண்பத்தொன்பது கிலோ நானூறு. வயிற்றை எக்கினால் எடை குறையும் என்று நம்புகிற ஐம்பத்திரண்டு வயது ஆசாமியை நீங்கள் பார்த்ததில்லையா? நான் எழுதும் இந்தப் பத்தியின் தலைப்பில் இருக்கும் என் போட்டோவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

“எண்பத்து நாலுன்னு போன்ல சொன்னீங்களே...” என்றார் டாக்டர், என் தங்கையைப் பார்த்து.

தங்கை ஸ்டெல்லா பக்கத்தில்தான் நின்றாள். கையில் நான்காக மடித்த ஒரு கிராஃப் ஷீட். டாக்டரிடம் காட்டுவதற்காகப் பிரிக்கப் போனவள், மெஷினில் இருந்த எண்ணைப் பார்த்துவிட்டு மறுபடி மடித்துக்கொண்டாள். அதைக் கைப்பைக்குள் வைக்க அவளுக்கு ரொம்ப நேரம் பிடித்தது.

அந்த ஷீட்டில் என்ன இருந்தது என்பதைச் சொன்னால்தான் என் அசட்டுத்தனத்தின் முழு அளவும் உங்களுக்குப் புரியும்.

ஸ்டெல்லா என்னைவிட ஆறு வயது சின்னவள். கணக்கு டீச்சர். விம்கோ நகரில் வீடு. அவளுடைய இரண்டு கிட்னியும் கைவிட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. திங்கள், புதன், வெள்ளி – வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். அவள் வாழ்க்கையே தராசில்தான் ஓடுகிறது. மெஷினில் படுப்பதற்கு முன் எடை பார்ப்பார்கள். எழுந்த பிறகு எடை பார்ப்பார்கள். எவ்வளவு தண்ணீர் உடம்பில் சேர்ந்தது, எவ்வளவு வெளியே எடுத்தார்கள் என்று கிராம் சுத்தமாகக் கணக்கு. ஒரு நாளைக்குக் குடிக்க வேண்டிய தண்ணீரைக் காலையிலேயே ஒரு பாட்டிலில் ஊற்றி வைத்துவிடுவாள். அது தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

மாற்றுக் கிட்னி வைக்கலாம் என்றார்கள். அவள் கணவருக்கு ரத்த வகை சேரவில்லை. எனக்குச் சேர்ந்தது. சுகர் இல்லை. பிரஷர் இல்லை. இந்த உடம்பில் இதெல்லாம் இல்லை என்பது ஆஸ்பத்திரிக்கே ஆச்சரியமாக இருந்தது. இரண்டாவது முறை ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்.

“உங்க கிட்னி ரெண்டும் நல்லா இருக்கு. ஆனா அதை எடுக்கணும்னா நாங்க அங்க போய்ச் சேரணுமே” என்றார் டாக்டர், என் வயிற்றைப் பார்த்துக்கொண்டே. அன்று நான் தொண்ணூற்று நான்கு கிலோ. “எண்பத்து நாலுக்கு வாங்க. அப்புறம்தான் ஆபரேஷன் தேதி. இது உங்க பாதுகாப்புக்கும்தான்.”

“கிட்னியை எடுத்தா அந்த வெயிட்டும் குறையுமே டாக்டர். அதை இப்பவே கழிச்சுக்க முடியாதா?” என்று கேட்டேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. ஸ்டெல்லா சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வீரம் வந்துவிட்டது. “பத்து கிலோதானே... ரெண்டு மாசம்” என்றேன்.

கிட்னி தருகிறேன் என்று சொல்ல எனக்கு ஒரு நொடிதான் ஆனது. அதே வாயால் சாயங்காலம் ஆறு மணிக்கு வாழைக்காய் பஜ்ஜி வேண்டாம் என்று சொல்ல வேண்டுமே... அங்கேதான் சிக்கல்.

ஆனாலும் முதல் இரண்டு வாரம் நான் உத்தமன். சத்தியமாகச் சொல்கிறேன். காலை ஐந்தரைக்கு ராயபுரத்தில் கிளம்பி தண்டையார்பேட்டை வரை நடந்தேன். துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் டிரெய்லர் லாரிகள் வரிசையாக நிற்கும். டிரைவர்கள் பம்பர் மேல் உட்கார்ந்து பல் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். மூச்சிரைக்க நான் லாரி லாரியாக நின்று நின்று போவதைப் பார்த்து ஒருவர் அனுதாபத்தோடு கேட்டார்: “இன்னா சார், உங்களுக்கும் கேட் பாஸ் போடலியா?”

இரண்டாவது வாரக் கடைசியில் வீட்டில் ஒரு நடவடிக்கை நடந்தது. பரண் மேல் இருந்த பழைய பத்திரிகைக் கட்டை என் மனைவி கீழே இறக்கினாள். எல்லாம் என் பத்தி வந்த இதழ்கள். வருடக்கணக்கான சிந்தனை. “நடக்கத்தானே போறீங்க, கையோட இதையும் போட்டுட்டு வந்துடுங்க” என்றாள்.

தண்டையார்பேட்டையில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் முருகேசன் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். இரும்பு, பேப்பர், பாட்டில், எல்லாம் எடுப்பான். வாசலில் ஒரு பெரிய பிளாட்பார மெஷின். அதில் கட்டைத் தூக்கிப் போட்டான். இருபது கிலோவாவது தேறும் என்று நினைத்தேன். பதினேழு காட்டியது. என் எழுத்தில் கனம் இல்லை என்று ஒரு வாசகர் எழுதிக்கொண்டே இருப்பார். அவர் ஞாபகம் வந்தது.

“நம்மளையும் ஒரு தபா பாத்துடறேன் மாமு” என்று சொல்லிவிட்டு நானும் அதே மெஷின் மேல் ஏறினேன்.

எண்பத்தேழு.

பதினைந்து நாளில் ஏழு கிலோ. நான் மெஷினை விட்டு இறங்கவே இல்லை. முருகேசன்தான் கையைப் பிடித்து இறக்கினான், பின்னால் ஒருவர் பழைய கிரைண்டரோடு நின்றுகொண்டிருந்ததால்.

அன்றைக்கே ஸ்டெல்லாவுக்கு வாட்ஸப் போட்டேன். கணக்கு டீச்சர் ஆயிற்றே, உடனே ஒரு கிராஃப் ஷீட் எடுத்துவிட்டாள். கீழே வாரங்கள், பக்கவாட்டில் கிலோ, எண்பத்து நான்கில் சிவப்பு மையால் ஒரு கோடு. அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் முருகேசன் கடை மெஷினில் ஏறி எண்ணை அனுப்ப, அவள் ஒரு புள்ளி வைப்பாள். டயாலிசிஸ் முடிந்து சோர்ந்து வரும் நாட்களில் முதலில் அந்த ஷீட்டைத்தான் பார்க்கிறாள் என்று அவள் கணவர் சொன்னார்.

நானோ... ஏழு கிலோ குறைத்தவனுக்கு ஒரு பரிசு வேண்டாமா? முதல் பரிசு, ஒரு பிளேட் பர்மா அத்தோ. நூடுல்ஸ்தானே, சோறு இல்லையே என்று சமாதானம். மறுவாரம் வஞ்சிர வறுவல். மீன் உடம்புக்கு நல்லது என்று டாக்டர்களே சொல்கிறார்கள் அல்லவா. எண்ணெயைப் பற்றி நான் யாரையும் கேட்கவில்லை. நடைப்பயிற்சி மட்டும் விடாமல் நடந்தது, ஆனால் திரும்பி வருவது ஷேர் ஆட்டோவில்.

இந்த லட்சணத்தில்தான் மூன்று வாரம் முன்பு இதே பக்கத்தில் பசியை அடக்குவது பற்றி உங்களுக்குப் பாடம் எடுத்தேன். ஞாபகம் இருக்கிறதா? அதைப் படித்துவிட்டு இரவுச் சாப்பாட்டைக் குறைத்ததாக எழுதியிருந்த வாசகியின் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று தெரியவில்லை.

நடுவில் கடவுள் ஓர் எச்சரிக்கை அனுப்பினார். காசிமேடு மீன் மார்க்கெட் வழியாக அனுப்பினார்.

தனம் அக்காவிடம்தான் நாங்கள் வழக்கமாக மீன் வாங்குவோம். கூடை கூடையாக எடை போட அவரிடமும் ஒரு பெரிய மெஷின் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் பெருமையை அவருக்கும் காட்டலாம் என்று அதில் ஏறினேன். முந்தின நாள் முருகேசன் கடையில் எண்பத்தைந்தரை. இங்கே தொண்ணூற்று ஒன்று.

“இன்னாக்கா இது, மெஷின்ல கைய வெச்சுட்டீங்களா?” என்றேன், நாலு பேர் காதில் விழும்படி.

தனம் அக்கா கத்தியைக் கீழே வைத்தார். “தோ பாரு நைனா, இந்தத் தராசுல மீனு ஏறும், எறா ஏறும், நண்டு ஏறும். பொய் ஏறாது. ஓவரா துன்னுட்டு வந்து என் தராசாண்ட இன்னாத்துக்கு மல்லுக்கு நிக்கிறே?”

மீன் விற்கிறவர் தராசு அதிகமாகத்தானே காட்டும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டு, ரொம்பப் பெருந்தன்மையோடு அவரை மன்னித்துவிட்டு வந்தேன். விற்கிற தராசு அதிகம் காட்டும் என்று யோசிக்கத் தெரிந்த மூளைக்கு, வாங்குகிற தராசு என்ன காட்டும் என்று யோசிக்கத் தெரியவில்லை. தெரியவில்லையா, தெரிந்துகொள்ளப் பிடிக்கவில்லையா... இதை நானே என்னிடம் பல தடவை கேட்டுவிட்டேன்.

பத்தாவது வாரம் முருகேசன் மெஷின் எண்பத்து நான்கு காட்டியது. அங்கேயே நின்று ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டேன்.

“நெஜமாவாண்ணா?” என்றாள்.

“நெஜமா. மெஷின் மேலதான் நிக்கிறேன்.”

“இரு, காலண்டர் எடுத்துகினு வரேன்.” நாங்கள் பிறந்து வளர்ந்த தெருவின் பேச்சு. வகுப்பில் சுத்தமாகப் பேசுகிறவளுக்குச் சந்தோஷம் வந்தால் ராயபுரம் வந்துவிடும். ஸ்கூல் திறக்கும்போது வேலைக்குத் திரும்பிவிடுவேன் என்று ஹெட்மிஸ்ட்ரஸிடம் சொல்லப் போவதாகச் சொன்னாள். ஆபரேஷன் முடிந்து தேறியதும் முதலில் என்ன வேண்டும் என்று கேட்டேன். பிரியாணி என்பாள் என்று நினைத்தேன்.

“ஒரு பெரிய சொம்பு மோர்ணா. நடுவுல நிறுத்தாம குடிக்கணும்.”

அந்த மோரை நினைத்துக்கொண்டுதான் போன செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரித் தராசில் நான் ஏறியது.

“எந்த மெஷின்ல பாத்துட்டு வந்தீங்க?” என்று டாக்டர் கேட்டார்.

“பழைய இரும்புக் கடைல...”

நர்ஸ் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. டாக்டர் பேனாவை மூடினார். “மறுபடி வாங்க. தேதியை அப்புறம் பாத்துக்கலாம்” என்றார்.

மெட்ரோவில் திரும்பி வரும்போது ஸ்டெல்லா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். தண்டையார்பேட்டையில் நான் மட்டும் இறங்கினேன்.

முருகேசன் கடை வாசலில் ஒரு பழைய ஜன்னல் கம்பியை எடை போட்டுக்கொண்டிருந்தான்.

“உன் மெஷின் டுபாக்கூர்டா” என்றேன்.

“இன்னா மாமு, வந்ததும் வராததுமா பேஜாரு பண்றே?”

“அஞ்சு கிலோ கம்மியா காட்டிருக்கு. ஆஸ்பத்திரில என் மானமே போச்சு.”

முருகேசன் என்னை மேலும் கீழும் பார்த்தான். பிறகு குழந்தைக்குச் சொல்வது போல் சொன்னான்: “கம்மியாத்தான் காட்டும். நூறு கிலோக்கு ஆறு கிலோ கழிவு. மெஷின்லயே செட் பண்ணிக் கீது. இரும்புன்னா துரு இருக்கும், மண்ணு இருக்கும். அத்த கழிக்க வேணாவா? ஏரியாக்கே தெரியும் மாமு. தோ, எழுதியே போட்டுக் கீறேன்.”

மெஷினுக்கு மேலே ஒரு தகரம் தொங்கியது. ‘கழிவு நூற்றுக்கு ஆறு’ என்று பெயின்ட்டில் எழுதியிருந்தது. இத்தனை வாரமும் அதன் கீழேதான் நின்றிருக்கிறேன். எழுதிப் பிழைக்கிறவன் நான். படிக்கவில்லை.

“அப்போ என் பத்திரிகைக் கட்டு? அதுல ஏது துரு?”

“பேப்பர்னா ஈரம் மாமு. உன் எழுத்துல கொஞ்சம் தண்ணி ஜாஸ்திதானே?”

“சரி, நான் ஏறினப்போ சொல்லியிருக்கலாம்ல?”

“நீ எங்க கேட்டே? வந்தே, ஏறினே, நம்பர பாத்தே, சிரிச்சே, போய்க்கினே இருந்தே. சும்மா வெளாட்டுக்கு ஏற்றேன்னு நெனச்சேன். இன்னாத்துக்குன்னு சொன்னியா?”

சொல்லவில்லை. தங்கைக்குக் கிட்னி தரப் போகிறேன் என்பதை அவனிடம் சொன்னால் தற்பெருமையாக இருக்கும் என்று விட்டிருந்தேன். இப்போது சொன்னேன். முருகேசன் சிரிப்பதை நிறுத்திவிட்டான். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான். “ஸ்டெல்லாவுக்கா?” என்று மட்டும் கேட்டான். பிறகு உள்ளே போய் எனக்கு ஒரு ஸ்டூல் கொண்டு வந்து போட்டான்.

அதில் உட்கார்ந்து யோசித்தேன். முருகேசன் யாரையும் ஏமாற்றவில்லை. கழிவு எவ்வளவு என்று பலகை போட்டுவிட்டுத்தான் கழிக்கிறான். பலகை போடாமல் கழிக்கிறவன் நான். ஓட்டலில் ஒரு ஸ்பூன் சாம்பார் குறைந்தால் எனக்குத் தெரிகிறது. ஆட்டோக்காரர் இரண்டு தெரு சுற்றினால் தெரிகிறது. நான் தின்றது மட்டும் ருசி பார்த்தது என்றும், நான் உட்கார்ந்திருந்தது மட்டும் ஓய்வு என்றும் கழிவு போக எடை போட்டுக்கொள்கிறேன். நீங்கள் எப்படி?

வாரம் மூன்று நாள் கிராம் கணக்கில் எடை பார்க்கிற ஒருத்திக்கு இந்தக் கழிவு எடையை அனுப்பி, அவளைப் புள்ளி வைக்கச் சொல்லியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. இதை எழுதும்போதும் இருக்கிறது.

அன்று சாயங்காலமே விம்கோ நகர் போனேன். கிராஃப் ஷீட் மறுபடி ஃப்ரிட்ஜ் கதவுக்கு வந்திருந்தது. அத்தோ, வஞ்சிரம், ஷேர் ஆட்டோ, தகரப் பலகை – எல்லாவற்றையும் ஒப்பித்தேன். சர்ச்சில் பாதிரியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூட இவ்வளவு விவரமாக நான் சொன்னதில்லை.

ஸ்டெல்லா ஒரு பேனாவும் துண்டுக் காகிதமும் எடுத்தாள். எண்பத்தொன்பது புள்ளி நான்கு, அதில் நூற்றுக்கு ஆறு கழித்தாள். “எண்பத்து நாலு. சரியா வருது” என்றாள். விடை சரியாக வந்ததில் டீச்சருக்கு ஒரு திருப்தி. பிறகு முருகேசன் கடைப் புள்ளிகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திருத்தி, பழைய கோட்டுக்கு மேலே இன்னொரு கோடு போட்டாள். நிஜமான நான், அஞ்சு கிலோ உயரத்தில் தனியாகப் போய்க்கொண்டிருந்தேன்.

“ஆனா இதுவும் கீழதாண்ணா இறங்குது” என்றாள், அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே. “தொண்ணூத்தி நாலுல இருந்து எண்பத்தொன்பதரை. நாலரை கிலோ. அது நெஜம்தானே?”

தலையை மட்டும் ஆட்டினேன்.

“துரு, ஈரம், கொழுப்பு... எனக்கு எதையும் கழிக்க வேணாம். நான் உன்ன அப்படியே எடுத்துப்பேன். டாக்டர்தான் எடுத்துக்க மாட்டாங்க.” பேனாவை மூடினாள். “நாளைக்கு என் கூட டயாலிசிஸுக்கு வா. நான் ஏறுற மெஷின்ல, நான் இறங்கினதும் நீ ஏறு.”

மறுநாள் புதன்கிழமை போனேன். வெள்ளிக்கிழமை போனேன். நேற்று திங்கட்கிழமையும் போனேன். நடுவில் சனிக்கிழமை காசிமேட்டுக்குப் போய் தனம் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். “தெரியும் போ” என்று சொல்லிவிட்டு, “பொரிக்காம குழம்பு வெச்சுத் துன்னு” என்று நெத்திலி போட்டுக் கொடுத்தார்.

டயாலிசிஸ் நாட்களுக்கு ஸ்டெல்லா ஒரு சட்டம் போட்டிருக்கிறாள். அந்த நான்கு மணி நேரம் அவளால் எழுந்திருக்க முடியாது. அந்த நான்கு மணி நேரம் நான் உட்காரக்கூடாது. வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கிறேன். முடியாதபோது நிற்கிறேன். ஒவ்வொரு முறை கண்ணாடிக் கதவைத் தாண்டும்போதும், படுத்தபடியே விரலை உயர்த்தி எத்தனையாவது சுற்று என்று காட்டுகிறாள். கணக்கு டீச்சரிடம் ஒரு சுற்றைக்கூடக் கூட்டிச் சொல்ல முடியாது.

தண்ணீர் குடிக்க எனக்கு அனுமதி உண்டு. தூணுக்குப் பின்னால் போய், அவள் கண்ணில் படாமல் குடித்துவிட்டு வருகிறேன்.

நேற்று எண்பத்தெட்டு கிலோ அறுநூறு. கழிவு எதுவும் போகாமல்.